கசடு படிந்த குழல்

சேலம், நாமக்கல் பதிப்பு நாளிதழ்களை வாசிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி நன்கு அறிமுகமாகியிருக்கும். கல்வராயன் மலையடிவாரத்திலோ சேர்வராயன் சரிவிலோ கொல்லிமலைச் சிற்றூர் ஒன்றிலோ உரிமம் இல்லாத ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி கைப்பற்றப்பட்டது என்கிற நான்கு வரிச் செய்தி அது. பல சமயம் உடன் ஒரு புகைப்படமும் இருக்கும். மேசைமேல் துருவேறிய நீண்ட குழல், கையால் செதுக்கிய மரக்கட்டை, பக்கத்தில் ஒரு பொட்டலம் மருந்து, கொஞ்சம் ரவை. வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நம்முடைய புனைகதைகளிலும் இதே துப்பாக்கி இதே அளவு கவனத்துடன்தான் வந்துபோகிறது. பாத்திரம் ஒன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறது, வெடிக்கிறது, மிருகம் விழுகிறது. அந்தக் குழலுக்குள் என்ன நடந்தது, வெடித்தபின் அதில் என்ன மிஞ்சியது, அதை யார், எப்போது, எதைக் கொண்டு துடைத்தார்கள் என்பதெல்லாம் எழுதுபவனுக்கும் தெரிவதில்லை, வாசிப்பவனும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரையில் நாம் பேச விரும்புவது அந்தக் குழலின் உட்புறத்தைப் பற்றி. வாய்வழியே மருந்திட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறவன் குழலைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துச்செல்ல வேண்டுமா, அல்லது ஒருமுறை வெடித்து அழுக்கேறிய குழலோடு போக வேண்டுமா என்பது உலகெங்கும் வேட்டைக்காரர்களிடையே வெகுகாலமாக நடக்கும் ஒரு விவாதம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இவ்வகைத் துப்பாக்கிகளுக்கென்றே தனி வேட்டைப் பருவம் உண்டு என்பதால் அங்கே அது இன்றும் ஓயவில்லை. நம் சமவெளியிலும் அதைச் சுற்றியுள்ள மலைகளிலும் இந்த விவாதம் எழுத்தில் நடந்ததில்லை. ஆனால் அது எழுப்பும் கேள்வி நமக்கு மிக நெருக்கமானது என்று நினைக்கிறோம். முதலில் விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

நாட்டுத் துப்பாக்கியில் தோட்டா என்று தனியாக ஒன்று கிடையாது. குழலின் வாயில் அளந்து மருந்தைக் கொட்டி, மேலே தேங்காய் நாரோ துணியோ அடைத்து, கம்பியால் இடித்துக் கெட்டித்து, குண்டையோ ரவையையோ இட்டு, மறுபடி அடைத்து இடிக்க வேண்டும். குழலின் அடியில் ஒரு சிறு துளையுள்ள முளை இருக்கும். அதன்மேல் தொப்பி எனப்படும் கேப்பைப் பொருத்தினால், குதிரை விழுந்து அடிக்கும்போது எழும் பொறி அத்துளை வழியே இறங்கி மருந்தைப் பற்றவைக்கும். இவ்வளவுதான் இயக்கம். ஒரு வெடிக்குப்பின் மறுவெடிக்கு இத்தனையையும் திரும்பச் செய்தாக வேண்டும். நிதானமாகச் செய்தால் ஒரு நிமிடத்துக்குக் குறையாது. இருட்டில், நடுங்கும் கையோடு, எதிரே அடிபட்ட பன்றி நிற்கும்போது எத்தனை நிமிடம் ஆகும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கருமருந்து. அதில் பெரும்பங்கு வெடியுப்பு. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஏறக்குறைய முழுமையாக வாயுவாகிவிடும். கருமருந்து அப்படியல்ல. ஆண்ட்ரூ நோபிள், பிரெடரிக் ஏபெல் என்ற இரு பிரித்தானியர்கள் 1870களில் மூடிய எஃகுக் கலத்துக்குள் கருமருந்தை எரித்து அளந்து பார்த்தார்கள். எடையில் ஏறத்தாழ 43 விழுக்காடுதான் வாயுவாகிறது, மீதி 57 விழுக்காடு திடப்பொருளாக எஞ்சுகிறது என்று கண்டார்கள். துப்பாக்கியில் அந்தத் திடப்பொருளில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியேறும். மற்றொரு பகுதி குழலின் உட்சுவரில் அப்பிக்கொள்ளும். அதைத்தான் இங்கே கசடு என்கிறோம்.

கசடு என்றால் வெறும் கரியல்ல. பெரும்பகுதி பொட்டாசியத்தின் உப்புகள்: கார்பனேட், சல்பேட், சல்பைடு. இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. மழைக்கால இரவில் திறந்து வைத்த கல்லுப்பு எப்படிக் கசிகிறதோ அப்படி அழுக்குக் குழலின் உட்புறம் கசியும். கசிந்த ஈரம் இரும்பை அரிக்கும். மாறாக, சேலம், நாமக்கல் சமவெளியின் பங்குனி, சித்திரை மாதத்து வறண்ட வெக்கையில் இதே கசடு ஓடுபோல இறுகிவிடும். அடுத்த குண்டை உள்ளே தள்ளும்போது அது பாதிவழியில் நின்றுவிடும். ஈரத்தில் இளகுவதும் வறட்சியில் இறுகுவதுமான இந்த இரட்டைக் குணம்தான் விவாதத்தின் மையம்.

இனி இரு தரப்புகளையும் பார்க்கலாம்.

அழுக்குக் குழல் தரப்பினர் சொல்வது எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. சுத்தமான குழலில் வெடிக்கும் முதல் குண்டு, அடுத்தடுத்த குண்டுகள் போய்ச் சேரும் இடத்தில் சேராது என்பது இலக்குப் பழகும் எவரும் கண்ட உண்மை. குழலின் சுவர் வழுவழுப்பாக இருக்கும்போது உராய்வு ஒருவிதம், கசடு படிந்தபின் அது வேறுவிதம். உராய்வு மாறினால் உள்ளழுத்தம் மாறும், வேகம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். அதிலும் புரி வெட்டிய ரைபிளில், துணியில் பொதிந்த ஈயக்குண்டு புரியைப் பற்றிச் சுழன்றபடி வரவேண்டியிருப்பதால் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். மேலும், துடைத்து வைத்த குழலில் துருவுக்காகப் பூசிய எண்ணெய் இருக்கும். அது அடியிலுள்ள துளைக்குள் இறங்கித் தேங்கினால் கேப்பு வெடித்தும் மருந்து பற்றாது. எனவே வேட்டைக்குப் புறப்படுமுன் ஒரு வெற்றுவெடி வெடித்து, எண்ணெயை எரித்து, குழலைப் பழக்கி, அந்த அழுக்கின் மேலேயே கெட்டித்து எடுத்துச் செல்வது மேல் என்பது அவர்கள் வாதம்.

சுத்தக் குழல் தரப்பினரின் பதில் இது. வேட்டைக்குப் போகிறவன் பத்து குண்டு சுடப்போவதில்லை. அவனுக்கு வாய்ப்பது ஒரே ஒரு வெடி. அந்த வெடி எந்த நிலையிலுள்ள குழலிலிருந்து புறப்படப்போகிறதோ அதே நிலையில் குழலை வைத்துத்தான் அவன் குறி பழகியிருக்க வேண்டும். ஒவ்வொரு வெடிக்குப்பின்னும் ஈரத்துணியால் ஒருமுறை, உலர்துணியால் ஒருமுறை துடைத்துப் பழகினால் சுத்தக் குழலின் முதல் குண்டு எங்கே போகும் என்பது தெரிந்துவிடும். எண்ணெய்ச் சிக்கலுக்கும் எளிய வழி உண்டு. கெட்டிக்குமுன் குழலை உலர்துணியால் நன்கு துடைத்துவிட்டு, இரண்டு மூன்று கேப்புகளை வெறுமனே வெடித்துத் துளையை உலர்த்திக்கொண்டால் போதும். அழுக்குக் குழலிலோ, மாலையில் கெட்டித்த மருந்து விடியும்வரை ஈரம் இழுத்த கசட்டின்மேல் கிடக்கிறது. நமுத்த மருந்து பற்றாமல் போகலாம். பற்றியும் ஒரு கணம் தாமதித்து வெடிக்கலாம். அந்த ஒரு கணத்தில் குறி தவறி, நெஞ்சில் பாயவேண்டிய குண்டு வயிற்றில் பாயும்.

நம்முடைய கருத்தைத் தயக்கமின்றிச் சொல்லிவிடலாம். இலக்குப் பழகும் மைதானத்தில் அழுக்குக் குழல் தரப்பினர் சொல்வது சரி. உயிருள்ள ஒன்றின் எதிரே அது சரியல்ல. மைதானத்தில் முதல் குண்டு தவறினால் அட்டையில் ஓட்டை இடம் மாறி விழும், அவ்வளவுதான். காட்டில் முதல் குண்டு தவறினால் அதன் விலையைச் சுட்டவன் கொடுப்பதில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. இறுகிய கசட்டின்மேல் குண்டை இடித்து இறக்கும்போது அது மருந்தின்மேல் போய் அமராமல் இடைவழியில் நின்றுவிட்டால், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் விழும். அந்நிலையில் வெடித்தால் குழல் அந்த இடத்தில் புடைக்கலாம் அல்லது பிளக்கலாம். விவரமறிந்தவர்கள் இடிகம்பியில் ஒரு கோடு கீறி வைப்பார்கள். குண்டு சரியாக அமர்ந்தால் கோடு குழலின் வாய்க்கு நேராக நிற்கும், நிற்காவிட்டால் வெடிக்கக்கூடாது. இன்னொரு ஆபத்து, அடைப்புத் துணியின் கங்கோ நாரின் பொறியோ கசட்டுக்குள் அணையாமல் கிடப்பது. அதன்மேல் புதிய மருந்தைக் கொட்டினால் கொட்டும் கையிலேயே பற்றிக்கொள்ளும். இரண்டு வெடிகளுக்கிடையே ஈரத்துணி விடுவதற்கு இதுவே முதற்காரணம், குறிக்கூர்மை இரண்டாவதுதான்.

துடைப்பதிலும் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எண்ணெய் போட்டுவிட்டால் துப்பாக்கி காப்பாற்றப்பட்டுவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். கசடு உப்பு, உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. கசட்டின்மேல் எண்ணெய் பூசுவது அழுக்கு உடம்பில் தைலம் தடவுவதைப் போன்றது. உள்ளே துரு வேலையைத் தொடரும். பழைய வகைக் கேப்புகளில் குளோரேட் உப்பும் சேர்ந்திருப்பதால் அரிப்பு இன்னும் கூடும். கொதிக்கும் வெந்நீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, சூடு ஆறுமுன் துடைத்து உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும். வெந்நீர், துணி, வெளிச்சம், அரைமணி நேரம். இந்த நான்கும் வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

*

கசடு ஒரு சிறு தொழில்நுட்பச் சங்கதி, இதற்கு இத்தனை பீடிகையா என்று இலக்கிய வாசகர்கள் கேட்கக்கூடும். வரலாறு அந்தக் கேள்விக்கு விடை தருகிறது.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கும்பினியிடம் வந்தன. அந்தப் போர்களில் கும்பினிச் சிப்பாய்கள் ஏந்திய பிரௌன் பெஸ் என்ற மஸ்கட்டின் குழல் விட்டம் சுமார் முக்கால் அங்குலம். அதில் இட்ட குண்டின் விட்டமோ 0.69 அங்குலம் அளவில்தான் இருந்தது. வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. பத்திருபது வெடிகளுக்குப்பின் கசடு ஏறினாலும் குண்டு தடையின்றி உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். விளைவாக, குண்டு குழலுக்குள் இருபுறமும் மோதிக்கொண்டு வெளியேறி எங்கோ போய் விழுந்தது. சங்ககிரியையும் நாமக்கல்லையும் சுற்றிய களங்களில் படைகள் வரிசைகட்டி நெருங்கி நின்று சுட்டதற்கு இந்தக் குறிதவறும் தன்மையும் ஒரு காரணம். கசட்டுக்கு அஞ்சிக் கூர்மையை விட்டுக்கொடுத்த ஆயுதம் அது.

அடுத்த நூற்றாண்டில் இதே சிக்கலுக்குத் தேடிய தீர்வு இந்தியாவையே உலுக்கியது. 1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு ரைபிள் புரி வெட்டிய குழலைக் கொண்டது. குழல் விட்டம் 0.577 அங்குலம். குண்டு அதைவிடச் சற்றே சிறியது. வெடிக்கும்போது குண்டின் அடிப்பாகம் விரிந்து புரியைப் பற்றிக்கொள்ளும். கசடு ஏறிய குழலில் இந்தக் குண்டு சறுக்கி இறங்கவும் கசட்டை இளக்கவும் காகிதத் தோட்டாவின் ஒரு முனையில் கொழுப்புப் பூசப்பட்டது. அந்தக் கொழுப்பு எந்த விலங்கினுடையது என்ற கேள்வி 1857 ஜனவரியில் டம்டம்மில் எழுந்தது. மார்ச் 29இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே, மே 10இல் மீரட். பெருங்கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல என்பதை நாம் அறிவோம். நில உரிமை, அவகாசியிலிக் கொள்கை, சிப்பாய்களின் படி என்று ஆய்வாளர்கள் பட்டியலிடுவது முற்றிலும் நியாயமானது. ஆயினும் பள்ளிப் பாடநூலில் பன்றிக்கொழுப்பு, பசுக்கொழுப்பு என்று படித்த நம்மில் யாரும் துப்பாக்கித் தோட்டாவில் கொழுப்பு எதற்கு என்று கேட்டதில்லை. அதற்கு விடை கசடு. குழலில் கசடு படியாதிருந்தால் அந்தக் கொழுப்புக்கு இவ்வளவு தேவை இருந்திராது. பின்னாளில் குண்டின் விட்டத்தை 0.568 அங்குலத்திலிருந்து 0.55 ஆகக் குறைத்து, கொழுப்புக்குப் பதில் தேன்மெழுகுக்கு மாறினார்கள்.

வேட்டைப் பக்கம் வந்தால், மத்திய இந்தியக் காடுகளில் அலைந்த ஜேம்ஸ் பார்சைத் 1863இல் வேட்டை ரைபிள்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். உருண்டைக் குண்டு, மிக மெதுவாகத் திரும்பும் புரி, தாராளமான மருந்து என்பது அவர் சூத்திரம். கிட்டத்திலிருந்து, நிச்சயமான ஒரே வெடியில் விலங்கை வீழ்த்துவதே அவருடைய கவலை. அந்நூல் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே பின்புறம் திறந்து தோட்டா இடும் துப்பாக்கிகள் வந்து வெள்ளைக்காரர்களின் கையில் அந்த விவாதத்தை முடித்துவைத்தன. பழைய துப்பாக்கி நம் ஊர்க்காரர்களின் கையில் தங்கிவிட்டது.

கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளில் இந்த இடைவெளியைத் துலக்கமாகக் காணலாம். அவர் கதைகள் பல நிகழ்வது பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியில், பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில். தருமபுரி மாவட்டம் 1965இல்தான் பிரிந்தது, நாமக்கல் 1997இல். ஆண்டர்சனின் கையில் .405 வின்செஸ்டர் இருக்கும். நீர்நிலைக்கருகே குழியில் பதுங்கியிருக்கும் ஊர்க்காரரின் கையில் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி இருக்கும். ஜிம் கார்பெட்டின் முதல் துப்பாக்கியும் அத்தகையதுதான். இரட்டைக்குழல் கொண்ட அதில் ஒரு குழல் ஏற்கெனவே பிளந்திருந்தது, கட்டையைப் பித்தளைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அதே கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்புறக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. எவரோ எப்போதோ சுட்டுத் தவறிய காயம் அது. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் அப்புலி மனிதர்களைக் கொல்லத் தொடங்கியதற்கு அதுவே காரணம் என்று அவர் கருதினார். சரியாகச் செல்லாத ஒரு குண்டின் கணக்கு எங்கே போய் முடிகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

*

இனி நம் ஊருக்கு வருவோம். வேட்டை இன்று குற்றம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் அதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்லிவிட்டன. அந்தச் சட்டம் வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். நம் சமவெளியைச் சுற்றி நிற்கும் குன்றுகளில் இன்று எஞ்சியிருக்கும் விலங்குகளின் நிலையைப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர இயலாது. வேட்டையே வாழ்வாக இருந்த நரிக்குறவர்கள் அந்தச் சட்டத்தால் ஊசிமணிக்கும் பாசிமணிக்கும் தள்ளப்பட்டதும், பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கு 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றும்வரை காத்திருந்ததும் தனியே எழுதவேண்டிய கதை.

ஆனால் துப்பாக்கி வேறு, வேட்டை வேறு. 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பயிர்ப்பாதுகாப்புக்காக மெய்யாகவே தேவைப்படும் குடிமகனுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம் என்று அது அந்தத் துப்பாக்கியின் வகையையே பெயர்சொல்லிக் குறிக்கிறது. சட்டம் இயற்றியவர்கள் உழவனை நினைவில் வைத்திருந்தார்கள். நடைமுறையில் கொல்லிமலை அடிவாரத்து மரவள்ளிக் காட்டுக்காரரோ கல்வராயன் மலை மலையாளிக் குடியானவரோ மாவட்டத் தலைநகர்வரை நடந்து உரிமம் பெற்று, காலாகாலத்தில் புதுப்பித்து, தேர்தல்தோறும் காவல்நிலையத்தில் ஒப்படைத்து மீட்டுவருவது எளிய காரியமல்ல. கையால் செய்த துப்பாக்கி உரிமமின்றி எங்கோ ஒளிந்திருக்கிறது. அவ்வப்போது காவல்துறை அவகாசம் கொடுத்து, தாமாக ஒப்படைப்பவர்கள்மீது வழக்கில்லை என்று அறிவிக்கிறது. சிலர் ஊர்ப் பெரியவர்கள் மூலமாக ஒப்படைக்கிறார்கள், சிலர் புதரில் வீசிவிட்டுப் போகிறார்கள்.

வெந்நீர், துணி, வெளிச்சம், அரைமணி நேரம் என்று மேலே சொன்னோம். ஒளித்து வைத்த துப்பாக்கிக்கு இந்த நான்கும் கிடைப்பதில்லை. அதை முற்றத்தில் வைத்துக் கழுவ முடியாது. ஒருமுறை வெடித்த கையோடு அது கூரைக்கும் கரும்புச் சோகைக்கும் திரும்பிவிடுகிறது. கசடு ஈரம் இழுக்கிறது. அடுத்தமுறை பன்றி இறங்கும் இரவில் அவசரமாக எடுத்து, அந்தக் கசட்டின்மேலேயே கெட்டிக்கிறார்கள். இடிகம்பியில் கோடு இல்லை. குறி பழகியதில்லை, பழகினால் ஊருக்கே சத்தம் கேட்கும். ஆக, உரிமமில்லாத் துப்பாக்கியின் குழல் அநேகமாக எப்போதும் அழுக்குக் குழல். சுத்தமா அழுக்கா என்ற விவாதம் அங்கே நடைபெறவே வாய்ப்பில்லை. மறைவு அந்தத் தேர்வை முன்கூட்டியே செய்துவிடுகிறது. குழல் பிளந்து கையிழப்பவனும், வயிற்றில் ரவையோடு ஓடைப்பள்ளத்தில் மூன்று நாள் கிடந்து சாகும் பன்றியும் அந்த மறைவின் பலன்களே.

பக்கத்திலேயே இதற்கு மாற்றான காட்சி ஒன்று உண்டு. குடகர்களுக்குப் படைக்கலச் சட்டத்தின் உரிமத் தேவையிலிருந்து ஆங்கிலேயர் காலம்தொட்டு விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029வரை நீட்டித்தது. செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் வரும் கைல்போத் திருநாளில் குடகர்கள் வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்துச் சுத்தம் செய்து பூசையறையில் வைத்து, குழல்வாயில் செங்காந்தள் மலரைச் சூட்டுகிறார்கள். அம்மலருக்கு அவர்கள் மொழியில் துப்பாக்கிப்பூ என்றே பெயர். செங்காந்தள் நம் மாநில மலர் என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. குடகர்களுக்குக் கொடுத்த விலக்கை எல்லோருக்கும் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வெளிச்சத்தில் இருக்கும் ஆயுதம் துடைக்கப்படுகிறது, எண்ணப்படுகிறது, அதற்கு ஒரு பொறுப்பாளி இருக்கிறார் என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறோம்.

இந்தக் கேள்வி இன்று ஏட்டளவிலானதல்ல. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிகள் குறித்து ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கொல்லக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் இந்தச் சமவெளியில் பன்றியால் ஒரே இரவில் ஒரு பருவத்து உழைப்பை இழந்தவர்களுக்கு இது ஓரளவு ஆறுதல். சுடுவது வனத்துறை என்பதும் சரியானது. ஏனெனில் சுடுபவருக்குப் பயிற்சி இருக்கும், துப்பாக்கிக்குக் கணக்கு இருக்கும், குழல் துடைக்கப்பட்டிருக்கும் என்று நாம் எதிர்பார்க்கலாம். ஆனால் அழைத்தால் ஆள் வருவதற்குள் அறுவடை முடிந்துவிடும் என்ற நிலை நீடித்தால், கூரையில் ஒளிந்திருக்கும் துப்பாக்கி மறுபடி இறங்கும். நம் வேண்டுகோள் இரண்டு. வனத்துறை விரைந்து வருவதற்கான ஆளும் வசதியும் வட்டந்தோறும் வேண்டும். 13ஆம் பிரிவு ஏட்டில் இருப்பது மெய்யானால், உரிமம் கேட்கும் உழவனுக்கு அந்த உரிமத்தோடு துடைக்கவும் கெட்டிக்கவும் பூட்டிவைக்கவும் முறையான பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். இரண்டும் இயலாதென்றால் அப்பிரிவை நீக்கிவிடுவதே நேர்மை.

*

இலக்கியத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவியதாகப் புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் பாடுகிறார். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடி மாதம் விழா எடுக்கிறார்கள். அந்தப் பாடலை மிகையென்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த மிகை எதைப் போற்றுகிறது என்று பார்க்க வேண்டும். கொன்ற விலங்குகளின் எண்ணிக்கையைவிட எய்த அம்பு ஒன்றே என்பதில்தான் அதன் அழுத்தம் இருப்பதாக நமக்குப் படுகிறது. முதல் எய்தலில் முடித்துவிடும் கைத்திறன், இரண்டாம் அம்புக்கு இடமில்லாத கூர்மை. வேட்டையில் ஏதேனும் அறம் உண்டென்றால் அது அங்கேதான் இருக்க முடியும்.

இதன் மறுபுறத்தை ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் எழுதினார். பர்மாவில் யானையைச் சுட நேர்ந்ததைப் பற்றிய அந்தக் கட்டுரையை நம்மில் பலர் ஏகாதிபத்தியம் குறித்த படைப்பாகவே வாசித்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் அது ஒரு துப்பாக்கியைப் பற்றிய கட்டுரையும்கூட. யானையின் காதுத்துளைக்கு நேரே சுடவேண்டும் என்பதை அறியாமல் சற்று முன்னால் தள்ளிச் சுட்டதை அவர் மறைக்காமல் எழுதுகிறார். யானை சாக அரைமணி நேரம் ஆகிறது. அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால் கட்டுரையின் வேதனையில் பாதி இல்லை. ஆட்சியாளன் முகமூடி அணிந்துகொள்கிறான் என்ற அவருடைய பெரிய கருத்து, குறி சில அங்குலம் தவறிய சின்ன உண்மையின்மேல்தான் நிற்கிறது.

நம் எழுத்தாளர்களிடம் நாம் எதிர்பார்ப்பது இந்தச் சின்ன உண்மைகளைத்தான். ஏரையும் தறியையும் மண்சக்கரத்தையும் நுட்பமாக எழுதிய மொழி இது. கஞ்சமலை இரும்பை உருக்கியவர்களும், உவர்மண்ணைக் காய்ச்சி வெடியுப்பு எடுத்த உப்பிலியரும், குழலைக் கடைந்த ஊர்க்கொல்லர்களும் வாழ்ந்த நிலத்தில் துப்பாக்கி மட்டும் இன்னமும் கதையில் சத்தமாகவும் புகையாகவுமே வருகிறது. வெடித்த மறுநாள் காலையில் குழலிலிருந்து வழியும் கருநீரையும் அதன் கந்தக நெடியையும் எழுதினால், அதைக் கழுவும் கையின் அச்சமும் தானாக எழுத்தில் வந்துவிடும். அந்தக் கை சட்டத்துக்கு அஞ்சுகிறதா, துருவுக்கு அஞ்சுகிறதா, முந்தைய இரவு ஓடிப்போன விலங்கை நினைத்து அஞ்சுகிறதா என்பது வாசகனுக்கும் தெரிந்துவிடும்.

மலையூர்களில் இந்த அறிவோடு வாழ்ந்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. துப்பாக்கிகள் ஒப்படைக்கப்படலாம், ஒப்படைக்கப்படவும் வேண்டும். அவற்றைச் செய்தவர்கள், கெட்டித்தவர்கள், கழுவியவர்கள் பயன்படுத்திய சொற்களையும் சேர்த்து இழக்க வேண்டியதில்லை. பெயரும் ஊரும் கேளாமல் அந்தச் சொற்களை மட்டும் எழுதி வைக்க நண்பர்கள் யாரேனும் முன்வந்தால் இங்கே வெளியிட நாம் ஆவலாக இருக்கிறோம்.